ஒரே வாரம்தான் டைம்: இலையுதிர் கால வண்ணங்களைப் பார்க்க உலகில் எங்கே, எப்போது போகலாம்?

அக்டோபர் முதல் வாரத்தில் ஜப்பானின் கியோட்டோ நகரில் போய் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடமாகச் சேர்த்த பணம், மேனேஜரிடம் கெஞ்சி வாங்கிய லீவு, இன்ஸ்டாகிராமில் சேவ் செய்து வைத்த சிவப்பு மேப்பிள் படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. கோயிலுக்குள் நுழைந்தால் மரங்களெல்லாம் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. நம்ம ஊர் மாந்தோப்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும்.

இடத்தில் தப்பில்லை, தேதியில்தான் தப்பு. கியோட்டோவில் மேப்பிள் இலைகள் சிவப்பது பெரும்பாலும் நவம்பர் கடைசியில். அதே அக்டோபர் முதல் வாரத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போயிருந்தால், மலைச்சரிவு முழுக்க ஆரஞ்சும் சிவப்புமாக இருந்திருக்கும்.

'இலையுதிர் காலத்துக்கு உலகின் சிறந்த இடங்கள்' என்று தேடினால் பத்து, இருபது என்று பட்டியல்கள் வந்து கொட்டும். ஆனால், ஓர் இடத்தில் வண்ணம் உச்சத்தில் இருப்பது ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். அதற்குள் ஒரு பெருமழையோ பலத்த காற்றோ வந்தால் கதை முடிந்தது. எனவே 'எங்கே' என்பதைவிட 'எப்போது' என்ற கேள்விதான் முக்கியம். அந்தக் காலண்டரும் இப்போது மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.

இலை ஏன் நிறம் மாறுகிறது?

இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் வேலை இதனுடையது. குளிர் நாடுகளில் பகல் நேரம் குறையத் தொடங்கியதும், இனி இலைகளை வைத்துப் பராமரிப்பது மரத்துக்குக் கட்டுப்படியாகாது. எனவே பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைத் தண்டுக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. கடையைக் காலி செய்வதற்கு முன் சரக்கைக் குடோனுக்கு மாற்றுவது மாதிரி.

பச்சை விலகியதும் அடியில் மறைந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. இவை கரோட்டினாய்டு நிறமிகள். கேரட்டுக்கு நிறம் தருவதும் இதே வகைதான். கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தவை இவை.

சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற நிறமியைச் சில மரங்கள் இலை உதிரும் நேரத்தில் புதிதாகத் தயாரிக்கின்றன. நாவல்பழத்தின் கருநீலத்துக்கும், மாமரத்தின் இளந்தளிர் செம்மையாக இருப்பதற்கும் காரணம் இந்த வகை நிறமிதான். மாந்தளிர் பிறக்கும்போது சிவக்கிறது, மேப்பிள் இலை உதிரும்போது சிவக்கிறது.

உதிரப்போகும் இலைக்கு மரம் ஏன் செலவு செய்து சாயம் பூசுகிறது? விஞ்ஞானிகளிடையே இதற்கு இன்னும் ஒரே பதில் இல்லை. சத்தை இழுத்து முடிக்கும்வரை இலையை வெயிலிலிருந்து காக்கும் 'சன்ஸ்கிரீன்' என்பது ஒரு விளக்கம். முட்டையிட வரும் பூச்சிகளுக்கு 'இந்த மரம் வலுவானது, வராதே' என்று காட்டும் எச்சரிக்கை என்பது இன்னொன்று. பரிணாம உயிரியலாளர் டபிள்யூ.டி. ஹாமில்டன் முன்வைத்த இந்தக் கருத்து, அவர் மறைந்த பிறகு 2001-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியானது.

பயணிக்குத் தெரிய வேண்டியது இதுதான்: பகலில் நல்ல வெயில், இரவில் உறைநிலைக்குப் போகாத குளிர். இந்த இரண்டும் சேர்ந்தால் சிவப்பு பளிச்சென்று வரும். மேகமூட்டமும் வெதுவெதுப்பான இரவுகளும் தொடர்ந்தால் நிறம் மங்கும். கடும் வறட்சி வந்தால் இலை சிவக்காமலேயே காய்ந்து கொட்டிவிடும்.

தமிழ்நாட்டில் ஏன் இது இல்லை?

இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்ற நம் ஆறு பருவங்களில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. இங்கே தேக்கு போன்ற மரங்கள் இலை உதிர்ப்பது, பெரும்பாலும் வறண்ட மாதங்களில் தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக. ஆனாலும் தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தைக் கவனித்தால், உதிர்வதற்கு முன் அதன் பெரிய இலைகள் சிவப்பதைப் பார்க்கலாம். டிக்கெட் செலவில்லாத இலையுதிர் காலம் அது மட்டும்தான்.

சரி, உலகக் காலண்டருக்கு வருவோம். வடகோளத்தில் இந்த வண்ணம் ஓர் அலை மாதிரி நகர்கிறது. வடக்கிலிருந்து தெற்காக, மலை உச்சியிலிருந்து அடிவாரமாக இறங்கி வருகிறது.

செப்டம்பர்: ஃபின்லாந்தின் லாப்லாந்து

அலை முதலில் தொடங்கும் இடங்களில் ஒன்று ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகே இருக்கும் லாப்லாந்து. ஃபின்லாந்துக்காரர்கள் இந்தப் பருவத்துக்கு 'ருஸ்கா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இங்கே அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பதுதான் விசேஷம். பிர்ச் மரங்கள் மஞ்சளாகின்றன. சிவப்பு வருவதோ தரையில் படர்ந்திருக்கும் பெர்ரிச் செடிகளிலிருந்து. மரங்களற்ற குன்றுகள் அடிவாரம்வரை செந்நிறக் கம்பளமாகத் தெரியும். இரவுகள் மீண்டும் இருட்டத் தொடங்கும் மாதம் என்பதால், வானம் தெளிவாக இருந்தால் வடதுருவ ஒளியும் கண்ணில் படலாம்.

ஐரோப்பாவில் மரங்கள் ஏன் மஞ்சளோடு நின்றுவிடுகின்றன? சிம்கா லெவ்-யதுன், யார்மோ ஹோலோபைனன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு சுவாரஸ்யமான கருத்தைச் சொன்னார்கள். வட அமெரிக்காவில் மலைத்தொடர்கள் வடக்கு-தெற்காக ஓடுகின்றன. பனியுகங்களில் மரங்களும் அவற்றைத் தின்னும் பூச்சிகளும் தெற்கே நகர்ந்து பிழைத்தன. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் கிழக்கு-மேற்காகக் குறுக்கே நின்றதால் தப்ப வழியில்லாமல் பல மரங்கள் அழிந்தன. அவற்றை நம்பியிருந்த பூச்சிகளும் போயின. பூச்சி இல்லாத இடத்தில் மிஞ்சிய மரங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை தேவைப்படவில்லை என்பது அவர்களின் வாதம். இது கருதுகோள்தான் என்றாலும், மலையின் திசைக்கும் இலையின் நிறத்துக்கும் முடிச்சுப் போட்டது பலரையும் யோசிக்க வைத்தது.

செப்டம்பர் கடைசி: கனடாவின் அல்கான்குவின், அமெரிக்காவின் மேற்கு

கனடா தன் கொடியில் மேப்பிள் இலையை ஏற்றியது 1965-ல். அந்த இலையின் நிஜ நிறத்தைப் பார்க்க ஒன்டாரியோ மாகாணத்தின் அல்கான்குவின் பூங்கா நல்ல இடம். 1893-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்கா 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்தது. இங்கே சர்க்கரை மேப்பிள்கள் செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வருகின்றன. ஏரிகளும் ஊசியிலை மரங்களின் கரும்பச்சையும் பக்கத்திலேயே இருப்பதால் சிவப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

டொரன்டோவிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். ஸ்கார்பரோவில் சித்தப்பாவோ அத்தையோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒருநாள் பயணம். ஆனால் சீசன் வாரஇறுதிகளில் நுழைவு அனுமதி சீக்கிரமே தீர்ந்துவிடும். முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்காமல் போனால் வாசலிலிருந்தே திரும்ப வேண்டியதுதான்.

அதே வாரங்களில் அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா மலைகளில் ஆஸ்பென் மரங்கள் தங்க நிறமாகின்றன. யூட்டாவின் ஃபிஷ்லேக் தேசிய வனத்தில் இருக்கும் 'பாண்டோ', பார்வைக்கு ஒரு காடு. உண்மையில் ஒரே உயிர். ஒரே வேர்த்தொகுதியிலிருந்து முளைத்த சுமார் 47,000 தண்டுகள், ஏறக்குறைய 43 ஹெக்டேரில், சுமார் 6,000 டன் எடையில் நிற்கின்றன. மான்களும் கால்நடைகளும் இளந்தளிர்களை மேய்ந்துவிடுவதால் பாண்டோவில் புதிய தண்டுகள் போதிய அளவு வளர்வதில்லை. சில பகுதிகளுக்கு வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள்.

அக்டோபர்: நியூ இங்கிலாந்து

இலை பார்ப்பதையே ஒரு தொழிலாக மாற்றிய பகுதி இது. அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷர், மெய்ன் உள்ளிட்ட ஆறு மாநிலங்கள். வடக்குப் பகுதிகளில் செப்டம்பர் கடைசியிலும், தெற்கே அக்டோபர் நடுவிலும் உச்சம் வரும்.

இன்று வெர்மான்ட்டின் முக்கால் பங்கு காடு. 19-ம் நூற்றாண்டில் ஆடு வளர்ப்புக்கும் விவசாயத்துக்கும் வெட்டித் தீர்த்த நிலம் அது. விவசாயிகள் மேற்கே நகர்ந்ததும் காடு தானாகத் திரும்பி வந்தது. அந்தக் காட்டின் சர்க்கரை மேப்பிள் இலையுதிர் காலத்தில் சுற்றுலா வருமானம், வசந்த காலத்தில் மேப்பிள் பாகு என இரண்டு சம்பளம் தருகிறது. சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும்.

டிரைவிங் பிடித்தவர்களுக்கு நியூ ஹாம்ப்ஷரின் கான்கமாகஸ் நெடுஞ்சாலை. ஒயிட் மவுன்டன் காடுகளுக்குள் சுமார் 55 கிலோமீட்டர் ஓடும் இந்தச் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது. டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை அங்கே அரசு விடுமுறை. அந்த நீண்ட வாரஇறுதியைத் தவிர்த்தால் டிராஃபிக்கிலிருந்து தப்பலாம்.

வெர்மான்ட்டின் பாம்ஃப்ரெட் என்ற சின்ன ஊரில் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள ஒரு தனியார் பண்ணை வீடு சமூக வலைதளங்களில் வைரலானது. வேலி தாண்டி உள்ளே நுழைவது, சாலையை அடைத்து கார் நிறுத்துவது, நடுரோட்டில் போட்டோஷூட் என்று கூட்டம் எல்லை மீறியது. பொறுத்துப் பார்த்த ஊர் நிர்வாகம், 2023 செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 15 வரை அந்தச் சாலைகளை வெளியாட்களுக்கு மூடிவிட்டது. லொகேஷன் டேக் போட்டு ஷேர் செய்யும் ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு விலை இருக்கிறது.

அக்டோபர் நடு: சீனாவின் ஜியுஜாய்கோ

சிச்சுவான் மாகாணத்தின் இந்தப் பள்ளத்தாக்கின் பெயருக்கு 'ஒன்பது கிராமங்களின் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். திபெத்திய கிராமங்கள் இருந்த பகுதி. 2,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் நீலமும் பச்சையுமாக மின்னும் ஏரிகளில் மஞ்சள், சிவப்பு மரங்களின் நிழல் விழுவதுதான் இதன் சிறப்பு. அக்டோபர் நடு முதல் கடைசி வரை சரியான நேரம்.

1992-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான இந்த இடத்தை 2017 ஆகஸ்ட் 8 அன்று பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஓர் ஏரியின் கரை உடைந்து தண்ணீர் வடிந்தே போனது. சீரமைப்புக்குப் பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். தினசரி எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு என்பதால் டிக்கெட் முன்பதிவு கட்டாயம்.

அக்டோபர் கடைசி, நவம்பர்: காஷ்மீர்

விசா இல்லாமல் போக ஒரு இடம் வேண்டுமா? ஸ்ரீநகர் இருக்கிறது. காஷ்மீரிகள் இலையுதிர் காலத்தை 'ஹருத்' என்கிறார்கள். அதன் நாயகன் சினார் மரம். விரித்த உள்ளங்கை போன்ற அதன் இலைகள் மஞ்சளாகி, துருச் சிவப்பாகி, கடைசியில் பழுப்பாகின்றன. அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் நடு வரை நல்ல நேரம்.

முகலாயர் காலத் தோட்டங்களான நிஷாத், ஷாலிமார் இரண்டிலும் சினார்கள் உண்டு. உள்ளூர்வாசிகளைக் கேட்டால் காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் நசீம் பாக்கைத்தான் முதலில் சொல்வார்கள். அதே நாள்களில் ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் பாம்போர் வயல்களில் குங்குமப்பூ அறுவடையும் நடக்கும். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

உதிர்ந்த சினார் இலை அங்கே குப்பை இல்லை. பெண்கள் அவற்றைக் கூட்டிச் சேர்த்து, எரித்துக் கரியாக்கி வைத்துக்கொள்கிறார்கள். உறைபனி மாதங்களில் மேலங்கிக்குள் வைத்துக் குளிர்காயும் 'காங்ரி' எனும் கனல் சட்டிக்கு அதுதான் எரிபொருள். அனுமதியில்லாமல் சினாரை வெட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அண்மையில் சுமார் 29,000 சினார்களைக் கணக்கெடுத்து, மரங்களில் க்யூஆர் கோடு பொருத்தும் பணி நடந்தது. மரத்துக்கு ஆதார் கார்டு என்று வைத்துக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன், எந்தெந்த இடங்கள் திறந்திருக்கின்றன என்ற அரசு அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நவம்பர் கடைசி: ஜப்பான்

ஜப்பானில் சிவந்த இலை பார்க்கப் போவதற்கு 'மொமிஜிகரி' என்று பெயர். நேர்ப்பொருள், 'செவ்விலை வேட்டை'. வடக்கே ஹொக்கைடோவின் டைசெட்சுசான் மலையில் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கும் வண்ணம், தெற்கே இறங்கி கியோட்டோவுக்கு வந்து சேர நவம்பர் கடைசி ஆகிவிடும். டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கூ கையென் பகுதியில் 146 கிங்கோ மரங்கள் வரிசையாக மஞ்சளாவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

கியோட்டோவின் டோஃபுகு-ஜி கோயிலில் சுமார் 2,000 மேப்பிள்கள். அவற்றுக்கு மேலே ஒரு மரப்பாலம். சீசனில் நெரிசல் தாங்காமல், பாலத்தின் மேல் படம் எடுக்கவே தடை போட்டார்கள். ஒசாகாவுக்கு அருகே மினோ என்ற இடத்தில் மேப்பிள் இலையை உப்பில் ஊறவைத்து, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து விற்கிறார்கள். வெற்றிலை பஜ்ஜி சாப்பிட்டவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

தேதியைச் சரியாகக் கணிக்க முடியாதவர்களுக்கு ஒரு யோசனை: டோக்கியோவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் நிக்கோ. மேலே ஈரநிலங்களில் அக்டோபர் தொடக்கம், சுசென்ஜி ஏரியில் அக்டோபர் நடுவுக்குப் பின், 48 வளைவுகள் கொண்ட இரோஹாசாகா மலைப்பாதையில் அக்டோபர் கடைசி, கீழே கோயில் பகுதியில் நவம்பர். ஒரே ஊரில் ஒரு மாதம் அலை இறங்குகிறது. நீங்கள் போகும் நாளில் ஏதாவது ஒரு உயரத்தில் இலை சிவந்திருக்கும்.

ஏப்ரல்: தென்கோளம்

செப்டம்பர், அக்டோபரில் லீவே கிடைக்காதவர்கள் பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். நம்ம ஊரில் முழு ஆண்டுத் தேர்வு முடியும் ஏப்ரல்தான் அங்கே இலையுதிர் காலம்.

தென் அமெரிக்காவின் படகோனியாவில் ஃபிட்ஸ் ராய் சிகரத்தின் அடிவாரக் காடுகளில் லெங்கா மரங்கள் சிவக்கின்றன. நியூசிலாந்தின் ஆரோடவுனில் பார்ப்பது, தங்கம் தேடி வந்து குடியேறியவர்கள் நட்டு வளர்த்த வெளிநாட்டு மரங்களின் வண்ணம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் மட்டுமே இருக்கும் ஃபேகஸ், குளிர்காலத்துக்காக இலை உதிர்க்கும் அந்நாட்டின் ஒரே சொந்த மரம். ஏப்ரல் கடைசியில் பொன்னிறமும் சிவப்புமாகும் அதைப் பார்க்க மவுன்ட் ஃபீல்டு, கிராடில் மவுன்டன் மலைகளுக்கு உள்ளூர் மக்களே கிளம்பிவிடுவார்கள்.

காலண்டர் ஏன் நகர்கிறது?

ஜப்பான் வானிலை ஆய்வு மையம், நாடு முழுக்கக் குறிப்பிட்ட சில மரங்களை வைத்து மேப்பிள் சிவக்கும் தேதியை 1953 முதல் பதிவுசெய்து வருகிறது. அந்தப் பதிவுகளின்படி, 10 ஆண்டுக்குச் சுமார் 3 நாள் வீதம் சிவப்பு தள்ளிப்போகிறது. 70 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்று வாரம். தாத்தா காலத்தில் நவம்பர் முதல் வாரம் சிவந்த மரம், பேரன் காலத்தில் கடைசி வாரம்வரை காத்திருக்க வைக்கிறது.

2021-ல் இதே மையம் தன் பருவக் கண்காணிப்புப் பட்டியலைப் பெருமளவு குறைத்தது. விலங்கு, பறவை, பூச்சிப் பதிவுகள் முழுவதுமாகப் போயின. தாவரங்களில் ஆறு மட்டும் மிஞ்சின. அந்த ஆறில் மேப்பிளும் கிங்கோவும் உண்டு.

இரவுகள் சீக்கிரம் குளிர்வதில்லை என்பதுதான் தாமதத்துக்கு முக்கியக் காரணம். எல்லா இடத்திலும் தாமதம் மட்டுமே என்றும் சொல்ல முடியாது. வறட்சி ஆண்டுகளில் மரங்கள் முன்கூட்டியே இலையைக் கொட்டிவிடுகின்றன. ஆக, ஐந்து வருடத்துக்கு முந்தைய டிராவல் வீடியோவின் தேதியை நம்பி டிக்கெட் போடுவது ரிஸ்க்.

டிக்கெட் போடும் முன்...

* நகரத்தைவிட மலைப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். மேலே உதிர்ந்துவிட்டால் கீழே இறங்கலாம், கீழே பச்சையாக இருந்தால் மேலே ஏறலாம்.
* விமானத் தேதி மாறாது, தங்கும் ஊர் மாறலாம். ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பார்த்து புக் செய்யுங்கள்.
* வெர்மான்ட், அல்கான்குவின் போன்ற இடங்கள் சீசனில் இலை நிலவர அறிக்கை வெளியிடுகின்றன. ஜப்பானில் தனியார் வானிலை நிறுவனங்கள் இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே கணிப்பு சொல்லிவிடும். கிளம்புவதற்கு முந்தைய வாரம்வரை பார்த்துக்கொண்டே இருங்கள்.
* கூட்டம் பிடிக்காதென்றால் வாரநாள், அதிகாலை.
* தனியார் நிலத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். மூடிய சாலை அடுத்து வருபவருக்கும் மூடியதுதான்.

ஒரே பார்வையில்

செப்டம்பர் முதல் பாதி: லாப்லாந்து
செப்டம்பர் கடைசி: அல்கான்குவின், கொலராடோ, யூட்டா
அக்டோபர் முதல் பாதி: வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷர்
அக்டோபர் இரண்டாம் பாதி: ஜியுஜாய்கோ, நிக்கோ
அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடு: காஷ்மீர்
நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம்: கியோட்டோ, டோக்கியோ
ஏப்ரல்: படகோனியா, ஆரோடவுன், டாஸ்மேனியா

இந்தத் தேதிகளை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் முன்னே பின்னே ஆகலாம். லீவு லெட்டர் எழுதும்போது அந்த ஒரு வாரத்தையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.